ஓட்டைப் படகும் ஒட்டுப் போடும் கணக்கும்



ஏப்ரல் 15ஆம் தேதி வந்துவிட்டால் நமது கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையேறி நிற்கும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று சர்க்கார் விதித்திருக்கும் தடை அது. முன்பு 45 நாட்களாக இருந்தது. 2017இலிருந்து 61 நாட்கள். ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. எஞ்சின் பூட்டிய சிறு பைபர் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. பெரிய படகுகள் நிற்கின்ற அந்த நாட்களில் சிறு படகின் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும். ஆகவே, சொந்தப் படகு இல்லாத கடல் தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் அப்போது ஓர் ஆசை பிறக்கும். பழைய படகு ஒன்று கிடைக்காதா, பங்காளிகள் சேர்ந்து வாங்க மாட்டோமா என்கிற ஆசை.

ஆசையில் தவறு எதுவும் இல்லை. அந்த ஆசையை யார் பயன்படுத்திக் கொள்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நாகை மாவட்டத்துக் கரையில் மூன்று பேர். இருவர் அண்ணன் தம்பிகள், பிறந்ததிலிருந்து கடல்தான். மூன்றாமவர் அவர்களுடைய மச்சான். பத்து வருஷம் நூல் மில்லில் வேலை செய்து, ஆள்குறைப்பில் வெளியே தள்ளப்பட்டவர். அவர் கையில் பிராவிடண்ட் பண்டு பணம் கொஞ்சம் இருந்தது. அவர்களுக்கு 28 அடி பைபர் படகு ஒன்று விலைக்கு வந்தது. எஞ்சினோடு சேர்த்து 1,20,000 ரூபாய். படகின் அணியத்துக்குப் பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஒட்டு. தூண்டில் வளைவுக் கல்லில் மோதியதாம்.

விற்கிறவர் சொன்னார்: "சின்ன அடிதான் தம்பி. மேல ஒரு கோட்டு ரெசின் பூசினா இன்னும் பத்து வருஷம் ஓடும்."

மீன் வியாபாரி சொன்னார்: "ரிப்பேருக்கு வேணும்னா நான் நாப்பதாயிரம் தாரேன். வட்டியே வேணாம். மீனை மட்டும் எனக்குப் போட்டுடுங்க."

அங்கே வலை பின்னிக் கொண்டிருந்த வயதான ஓடாவி ஒருவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "ஒட்டைப் பிரிச்சுப் பாக்காம யாரும் வாக்குக் குடுக்காதீங்கப்பா."

மூன்று பேச்சிலும் ஒரு பேச்சுத்தான் காசு கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் படகைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கக் கூடும். கவலை உண்டு. டெல்டாவில் நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் கடலுக்குக் கூலியாகப் போகிறவர்கள் எத்தனை பேர்! மில் மூடினால் சொந்த ஊருக்குத் திரும்பிக் கடலைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்! அது மட்டுமல்ல. பழைய பம்புசெட்டு, கிழட்டு உழவு மாடு, கழித்துக் கட்டிய தறி எதை வாங்கினாலும் ஏழைக்கு முன் வந்து நிற்பது இதே கேள்விதான். பழுது பார்ப்பதா, விட்டு விடுவதா? புதுச் சாமான் வாங்குகிற வசதி உள்ளவனுக்கு இந்தக் கேள்வியே வராது.

தோலில் புண்ணா, எலும்பில் முறிவா?

முதலில் படகைப் பார்ப்போம். படகுக்கும் மனிதனைப் போல் தோல் உண்டு, எலும்பு உண்டு. பைபர் படகின் தோல் என்பது கண்ணாடி இழைப் பாயும் ரெசினும் அடுக்கடுக்காகப் படிந்தது. வெளியே வழவழப்பாகத் தெரிகின்ற பூச்சு வெறும் மேல்தோல். அதில் மயிரிழை போல் வெடிப்பு ஓடியிருந்தால் பயப்பட வேண்டியதில்லை; தேய்த்துப் பூசினால் போதும். வெடிப்பு உள்ளே இழை வரை போயிருந்தால் கதை வேறு. உள்ளே நீளவாக்கில் ஓடுகிற விட்டங்களும் குறுக்கு வங்குகளும் முறிந்திருந்தால் அது எலும்பு முறிவு. வெளியே எத்தனை கோட்டு ரெசின் பூசினாலும் அது சேராது.

எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய இயந்திரம் வேண்டாம். ஒரு நாணயத்தை எடுத்து, ஒட்டைச் சுற்றி நெருக்கமாகத் தட்டிக் கொண்டே போக வேண்டும். நல்ல இடம் கணீரென்று பேசும். அடுக்கு விட்டுப் போன இடம் பொத்தென்று பேசும். பொத்துச் சத்தம் வருகிற இடத்தையெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள். வெளியே தட்டு அகலம் தெரிந்த அடி உள்ளே பாய் அகலம் இருக்கும்!

பிறகு படகுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். அடி விழுந்த இடத்துக்கு நேர் உள்புறம் பார்த்தவர்கள் சிலரே. வெளி ஒட்டு அழகாக இருக்கும்; உள்ளே வங்கு பிளந்து கிடக்கும். விட்டங்களுக்குள் மரம் வைத்து மேலே பைபர் போர்த்தியிருந்தால் அந்த மரம் தண்ணீர் குடித்து மக்கியிருக்கும். ஒரு சின்னத் துளை போட்டுப் பார்த்தால் கறுப்புத் தண்ணீர் வடியும். எஞ்சின் பூட்டுகிற பின்பலகையையும் அப்படியே பார்க்க வேண்டும். நாள் முழுதும் எஞ்சினின் உதறலைத் தாங்குவது அதுதான்.

மரப் படகானால் கூரான கத்தி ஒன்று போதும். ஏராவிலும், பலகையும் வங்கும் சேருமிடத்திலும் குத்திப் பாருங்கள். கத்தி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் அந்த மரம் செத்த மரம். கடற்புழு துளைத்த பலகை வெளியே ஊசி முனை அளவு துளை காட்டும். உள்ளே தேன்கூடு போலிருக்கும். ஒரு பலகை, இரண்டு பலகை போயிருந்தால் மாற்றலாம். இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்கலாம். ஏராவே போயிருந்தால் படகைப் பிரித்துக் கட்டுவதும் புதுப் படகு கட்டுவதும் ஒன்றுதான்.

இவ்வளவு சோதனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே 2 அங்குல ஓட்டை ஒன்று விழுந்தால் நிமிஷத்துக்கு 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே பாயும். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் நிமிஷத்துக்குப் பதின்மூன்று குடம். மூன்று பேர் வாளியால் மாறி மாறி இறைத்தாலும் எத்தனை நேரம் தாங்கும்? கரை பத்து மைல் தூரத்தில். ஒட்டுப் பிய்ந்தால் அந்த ஓட்டை 2 அங்குலத்தோடு நிற்காது. தட்டு அகலம்!

ஒட்டுப் போடுவது எப்படி?

நல்ல ஒட்டு வேறு, கள்ள ஒட்டு வேறு. பழைய பைபரின் மீது புது ரெசின் ஊற்றினால் இரண்டும் உருகி ஒன்றாகிவிடாது. பசை போல் பிடித்துக் கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஆகவே பிடிக்கும் பரப்பு அகலமாக இருக்க வேண்டும். உடைந்த ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிப்பைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு என்பது தொழில் தெரிந்தவர்களின் கணக்கு. படகின் சுவர் கால் அங்குலம் என்றால் ஓட்டையைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம் தேய்க்க வேண்டும். நல்ல தண்ணீரால் கழுவி உப்பைப் போக்கி, ஈரம் முழுதும் காய விட வேண்டும். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. பிறகு சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கடுக்காகப் பாய் வைத்து, உருளையால் காற்றை வெளியேற்ற வேண்டும். உள்புறமும் இதே வேலை. வங்கு முறிந்திருந்தால் அதை முன்பே சேர்க்க வேண்டும்.

கள்ள ஒட்டு இதொன்றும் கேட்காது. ஈரமோ, எண்ணெயோ, பாசியோ, அதன் மேலேயே ஒரு பாயை வைத்து ரெசின் ஊற்றி, நிறம் அடித்து, மூன்றாம் நாள் விலை பேசலாம். கரையில் நிற்கும் வரை அது உறுதியாக இருக்கும். அலையில் அடி வாங்கும்போது உரிந்து வரும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். படகுகள் ஆயிரக் கணக்கில் நொறுங்கின. அதன் பிறகு உதவிப் பணம் வந்தது; பைபர் படகு கட்டும் கூடங்கள் கரை நெடுகிலும் முளைத்தன. நல்ல படகு கட்டினவர்கள் உண்டு. எண்ணிக்கை காட்டுவதற்காக அவசரத்தில் மெல்லிய படகு கட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. அவசரத்தில் செய்த படகின் பலனை அனுபவித்தது, புகைப்படத்துக்கு நின்று சாவி கொடுத்தவர் அல்ல. அதில் ஏறிப் போனவன்தான். இன்று விலைக்கு வரும் பழைய படகுகளில் அந்தக் காலத்துப் படகுகளும் இருக்கலாம். ஆகவே படகு எந்த வருஷம், யார் கட்டியது, பதிவு எண் யார் பேரில் இருக்கிறது என்று கேட்பது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல.

கணக்குப் போடு

இனி ரூபாய்க் கணக்குக்கு வருவோம். நமது மூன்று பேரின் கணக்கையே எடுத்துக் கொள்வோம்.

படகு 1,20,000. சரியான ரிப்பேர் 40,000. ஆக 1,60,000 என்று வியாபாரி சொல்வார். அது முழுக் கணக்கு அல்ல. தேய்த்துக் காய வைத்து ஒட்டுப் போட்டு முடிய 12 நாள். மூன்று பேரும் அந்த நாட்களில் வேறு படகுக்குக் கூலிக்குப் போயிருந்தால் தலைக்கு 700 ரூபாய் என்று வைத்தாலும் 25,200 ரூபாய். ஆக அந்தப் படகின் உண்மை விலை 1,85,200. நம் உழைப்பை நாமே கணக்கில் சேர்க்காவிட்டால் வேறு யார் சேர்ப்பார்கள்?

அதே அளவில், அடிபடாத பழைய படகு பக்கத்துக் கரையில் 1,90,000க்குக் கிடைக்குமானால் இந்த ரிப்பேருக்கு இறங்குவது புத்தியல்ல. ஐந்தாயிரம் ரூபாய் மிச்சத்துக்காக மூன்று உயிரை ஒட்டுக்கு மேல் வைக்க வேண்டுமா? அப்படிப்பட்ட படகு 2,50,000க்குக் குறையாது என்றால், முறிவு தோலோடு நின்றிருக்கிறது என்றால், தாராளமாக ரிப்பேர் செய்யலாம். எனவே "பழைய படகே வேண்டாம்" என்பதும் தவறு. "எதுவானாலும் ஒட்டிக் கொள்ளலாம்" என்பதும் தவறு. எலும்பு நன்றாயிருந்தால் ரிப்பேர். எலும்பு முறிந்திருந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இதுதான் எனது அபிப்பிராயம்.

வட்டியில்லாக் கடன்

மிகவும் ஆபத்தான ஓட்டை படகில் இல்லை. அந்த 40,000 ரூபாயில் இருக்கிறது.

"வட்டியே வேண்டாம்" என்கிறார் வியாபாரி. கேட்கக் காதுக்கு இனிமை. கந்துவட்டிக்கு எதிராக 2003இல் சட்டம் வந்தது; வட்டி கேட்டால்தானே சட்டம்? இவர் வட்டி கேட்கவில்லை. மீனைத்தான் கேட்கிறார். ஏலத்தில் போகிற விலையை விடக் கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்து எடுத்துக் கொள்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். நாளைக்கு 40 கிலோ மீன். 400 ரூபாய் போயிற்று. வருஷத்தில் 200 நாள் கடலுக்குப் போனால் 80,000 ரூபாய். கொடுத்தது 40,000, ஒரே வருஷத்தில் எடுத்தது 80,000. இதற்குப் பிறகும் அசல் 40,000 அப்படியே பாக்கி நிற்கும்! இந்தக் கடனை அடைத்தால்தான் மீனை வேறிடத்தில் விற்கலாம். வேறிடத்தில் விற்றால்தான் கடனை அடைக்கலாம். விவசாயத் தொழிலாளிக்கு இந்தக் கண்ணி புதிதல்ல. பண்ணையில் வாங்கிய நெல்லுக்குத் தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள்.

இதிலிருந்து தப்ப முடியாதா? முடியும். கேரளத்தின் தென்பகுதியிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் மீனவர்கள் கிராமத்துக்குக் கிராமம் சங்கம் வைத்து, ஏலத்தைத் தங்கள் கையில் எடுத்தார்கள். ஏலத் தொகையில் ஒரு சிறு பகுதி கடனுக்கும் சேமிப்புக்கும் பிடிக்கப்படும். படகுக்கும் வலைக்கும் சங்கமே கடனுக்கு வழி செய்யும். அந்தச் சங்கங்களின் சம்மேளனம் 1980இல் பதிவாயிற்று. முட்டத்தில் படகு கட்டும் கூடமும் நடத்தியது. மீனவனுக்குக் கடன் கொடுத்தால் திரும்பாது என்று சொன்னவர்களுக்கு அதுவே பதில்.

ஏறிப் போகிறவன் யார்?

சிறு படகில் பங்காளிகளே கடலுக்குப் போகிறார்கள். விசைப்படகில் அப்படியில்லை. பல இடங்களில் படகு ஒருவருடையது. போகிறவர்கள் வேறு ஆட்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எடுத்த பிறகு மிஞ்சுவதில் படகுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. மீன் இல்லையென்றால் ஆட்களுக்குக் கூலி இல்லை. நஷ்டத்தில் பங்கு உண்டு. அபாயத்திலும் பங்கு உண்டு. படகின் அடிப்பலகையை மாற்றுவதா, இன்னொரு வருஷம் ஓட்டுவதா என்று தீர்மானிக்கும்போது மட்டும் ஏன் பங்கு இல்லை?

மில்லில் பெல்ட்டுக்கு மறைப்புப் பலகை இல்லையென்றால் கை போவது மானேஜருக்கல்ல. வயலில் அறுந்த மின்சார ஒயர் கிடந்தால் மிதிப்பது நிலச் சொந்தக்காரர் அல்ல. கடலிலும் இதே நியாயம்தான். தடைக்காலத்தில் படகு கரையேறும்போது, வண்ணம் அடிக்கும் முன் அடிப்பாகத்தை ஆட்களும் சேர்ந்து பார்க்க வேண்டும். ஓடாவி சொல்வதை அவர்கள் முன்னிலையில் சொல்ல வேண்டும். "இதில் போக மாட்டேன்" என்று சொன்ன ஆளை மறுநாள் வேறு ஆள் வைத்து விரட்டக் கூடாது. பலகை மாற்றுகிற செலவை ஆட்கள் பங்கில் தள்ளவும் கூடாது. படகு யாருடையதோ அவருடைய செலவு அது.

படகுக்காரர்களுக்கும் கஷ்டம் உண்டு, மறுக்கவில்லை. 2017இல் பாக் ஜலசந்திப் பகுதி இழுவைப் படகுக்காரர்களுக்கென்று ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தது. அப்போது ஒரு படகுக்கு 80 லட்சம். மானியம் போக, கையிலிருந்து 8 லட்சமும் வங்கிக் கடன் 16 லட்சமும் வேண்டியிருந்தது. ஒரு படகு வைத்திருப்பவரால் இதை எளிதில் புரட்ட முடியுமா? ஆகவே பழைய படகை ஒட்டி ஒட்டி ஓட்டுகிறார். அந்தக் கஷ்டத்துக்கு அவர் சர்க்காரிடம் நியாயம் கேட்கட்டும். நாமும் சேர்ந்து கேட்போம். அதற்காக ஆட்களின் உயிரை ஈடு வைக்க முடியாது.

ஒட்டுப் போடுகிறவனும் தொழிலாளிதான். பழைய பைபரைத் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் தோலை அரிக்கும்; நெஞ்சுக்குள் போகும். ரெசினின் நெடி தலையைச் சுற்ற வைக்கும். ரெசினை இறுக வைக்க இரண்டு மருந்து சேர்க்கிறார்கள். ரெசினில் கலக்காமல் அந்த இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். துண்டை மூக்கில் கட்டிக் கொண்டு இந்த வேலை செய்கிற பிள்ளைகளை எந்தக் கரையிலும் பார்க்கலாம். பஞ்சுத் தூசி நெஞ்சை என்ன செய்யும் என்று மில் தொழிலாளிக்குச் சொல்லத் தேவையில்லை. முகமூடி, கையுறை, கண்ணாடி இவற்றின் விலையும் ரிப்பேர்ச் செலவுதான்.

என்ன செய்ய வேண்டும்?

பழைய படகு கைமாறும்போது மீன்துறை அதிகாரி வந்து பேர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார். படகின் அடிப்பாகத்தைப் பார்த்து, எது பழுது, ரிப்பேர் ஆகுமா ஆகாதா என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டும். அனுபவமுள்ள ஓடாவி ஒருவரைச் சம்பளம் கொடுத்து உடன் வைத்துக் கொள்ளட்டும். கூட்டுறவுச் சங்கங்கள் புதுப் படகுக்கு மட்டுமல்ல, ரிப்பேருக்கும் குறைந்த வட்டியில் கடன் கொடுக்க வேண்டும். ஏழை வாங்குவது பழைய படகுதான் என்பது சங்கத்துக்குத் தெரியாதா? மீன்பிடித் துறைமுகங்களில் கூரை போட்ட ரிப்பேர்க் கொட்டகை வேண்டும். மழை தூறினால் ஈரத்தில் ஒட்டுப் போடுகிற நிலை ஒழிய வேண்டும். இந்த மூன்றும் நிலாவைக் கேட்பது அல்ல.

நமது மூன்று பேர் என்ன செய்தார்கள்? ஓடாவியைக் கூட்டிப் போய் ஒட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். விற்கிறவர் முதலில் மறுத்தார், பிறகு சம்மதித்தார். ஒட்டுக்குக் கீழே இரண்டு வங்கு பிளந்திருந்தது. விட்டத்துக்குள் இருந்த மரம் மூன்றடி நீளத்துக்குக் கையால் அள்ளுகிற மாதிரி மக்கியிருந்தது. தம்பிக்கு மனம் கேட்கவில்லை. "இந்த சீசனை விட்டா அடுத்த வருசம்தான் அண்ணே" என்றான். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. மச்சான்தான் சொன்னார்: "மில்லுல பத்து வருசம் நூலு அறுந்தா முடிச்சுப் போட்டேன். அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடலாம்டா. மக்கின பஞ்சுக்குப் போட முடியாது."

அவர்கள் வாங்கவில்லை. அந்தப் பருவம் மூன்று பேரும் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார்கள். கையில் பணம் இருந்தும் கூலிக்குப் போவது எளிதல்ல. வீட்டில் பேச்சுக் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் பிராவிடண்ட் பண்டு பணம் கரையவில்லை. வியாபாரியின் நோட்டில் அவர்கள் பேர் ஏறவில்லை. மூன்று பேரும் மாலையில் வீடு திரும்பினார்கள்.

அந்தப் படகு இன்னொரு கரைக்கு விலையாகிப் போய்விட்டது. புதிதாக ஒட்டுப் போட்டு, நீல நிறம் அடித்து, அணியத்தில் பூ வைத்து இறக்கினார்கள் என்று கேள்வி. அதில் ஏறிப் போகிறவர்களுக்கு அந்த மூன்றடி மரத்தைப் பற்றி யார் சொல்வார்கள்? தனித்தனியாக நாம் புத்திசாலிகளாயிருந்தால் நம் உயிர் தப்பும். ஓட்டைப் படகு அடுத்தவன் தலையில் விழும். சங்கமாகச் சேர்ந்து ஒட்டைப் பிரித்துப் பார்க்கும் உரிமையைக் கேட்டால்தான் எல்லோரும் தப்பலாம்.

ஆகவே தோழர்களே, அடுத்த தடைக்காலத்துக்கு முன் உங்கள் ஊரில் பழைய படகு விலை பேசுகிறவர் யாராவது இருந்தால் அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். நாணயத்தால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காசை எண்ணுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.